மார்கழியில் கூடிப்போன ஹார்டனர்

1. வளைந்த கை

கூலிக்கு ட்ரோனில் வயல்களுக்கு மருந்தடிக்கும் செல்வி அக்கா பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தர வேண்டிய, ட்ரோனின் விசிறியைத் தாங்கும் கை, என் கட்டைவிரல் அழுத்தத்துக்கு வளைந்தது.

புதுக்கோட்டையில் நாங்கள் மருந்தடிக்கும் ட்ரோன்களுக்குக் கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்கிறோம். தரச் சோதனை என் வேலை. முந்தைய நாள் காலை மோல்ட் அச்சிலிருந்து எடுத்தபோது அந்தக் கை விறைப்பாக இருந்தது. தட்டினேன், ஓசை சரி. எடை பார்த்தேன், சரி. "ரெடிக்கா, நாளைக்கு வாங்க" என்று நானே போன் செய்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு மேகம் விலகி, ஜன்னலோரம் வைத்திருந்த கையில் வெயில் பட்டது. பேக் செய்ய எடுத்தபோதுதான் தெரிந்தது: உள்ளே ஃபைபரைப் பிணைக்கும் ரெசின் பசை இறுகவே இல்லை.

2. யார் ஊற்றியது

ரெசினில் அதை இறுக்கும் ஹார்டனரைக் கலப்பது பஷீர் அண்ணன். கடற்கரையில் இருபது வருடம் ஃபைபர் படகு செய்த கை அது.

"அண்ணே, நூறு கிராமுக்கு முப்பதுதானே ஹார்டனர்?"

"முப்பதுதாம்மா. குளிரா இருந்துச்சுன்னு ஒரு பத்து சேத்து விட்டேன். படகுக்கு மழ நாள்ல அப்படித்தான கூட்டுவோம். சீக்கிரம் புடிக்கும்ல?"

படகு ரெசினில் அது நடக்கும். அதில் ஊற்றுவது வினையைக் கிளப்பிவிட மட்டும். சற்றுக் கூடினால் வேகம் கூடும். நாங்கள் கலப்பது எபாக்சி ரெசின்; அதில் ஹார்டனரும் பொருளில் ஒரு பங்கு. கூடினால் மிச்சம் உள்ளேயே தங்கி, ரப்பர் போல் ஆகிவிடும். பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் சரியாகாது.

சுவரில் நான் ஒட்டிய ஒன்பது வரிப் பட்டியலில் 'நூறுக்கு முப்பது' இருந்தது. குளிரடித்தால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.

3. வாசலில்

செல்வி அக்காவிடம் சொன்னேன்.

"பறக்குமா, பறக்காதா? அத மட்டும் சொல்லு தங்கச்சி."

"பறக்கும்க்கா. பத்து லிட்டர் மருந்தோட, மத்தியான வெயில்ல பறந்தா எப்ப மடங்கும்னு சொல்ல முடியாது."

"நெல்லுல குலைநோய் விழுந்து கெடக்கு. நாளைக்கு மூணு பேருக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன். நேத்து ரெடின்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர், "ட்ரோன் விழுந்தா லோனு என் பேர்லதான் இருக்கு. புதுசாவே செய்யி" என்று வெறும் பையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

4. மீன் பெட்டி

கையைச் சூட்டில் வைத்து இறுக்க எங்களிடம் ஓவன் இல்லை. பஷீர் அண்ணன்தான் ஊரிலிருந்து பெரிய தெர்மோகோல் மீன் பெட்டி கொண்டுவந்தார்.

"ஐஸு உருகாம வச்ச பொட்டி, சூட்ட மட்டும் வெளிய விட்ருமா?"

தெர்மோகோலில் படாமல் உள்ளே இரண்டு குண்டு பல்ப், ஒரு தெர்மாமீட்டர். ரெசினைக் கலப்பதற்கு முன் வெந்நீரில் டப்பாவோடு வைத்துச் சற்றுச் சூடாக்கினோம். தராசில் நூறுக்கு முப்பது, இருவரும் பார்த்தோம். மோல்டில் ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, பெட்டிக்குள் அறுபது டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தோம். அரை மணிக்கொரு முறை எழுந்து பார்த்து, சூடு ஏறினால் ஒரு பல்பை அணைத்து, இறங்கினால் போட்டு, அந்த ஒரு பகல் அப்படியே போயிற்று.

கை நன்றாக வந்தது. மூன்று நாள் தாமதம். அதற்குள் மூன்று பேரில் ஒருவர் வேறு ட்ரோனைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொருவர் வயலில் நோய் பாதிக்கு மேல் பரவிவிட்டது.

5. பத்தாவது வரி

பட்டியலில் இப்போது பத்து வரி. 'குளிரடித்தால் சூட்டைக் கூட்டு, நேரத்தைக் கூட்டு. ஹார்டனரைக் கூட்டாதே.' அது பஷீர் அண்ணனுக்கு. எனக்கானதை நான் எழுதி ஒட்டவில்லை: குளிரில் விறைத்ததும் முழுக்க இறுகியதும் தொட்டால் ஒன்று போலத்தான் இருக்கும். சூட்டில் அழுத்திப் பார்க்காமல் ரெடி என்று சொல்லக் கூடாது.

செல்வி அக்கா இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார். பாகத்தைக் கையில் கொடுத்ததும் வாசல் வெயிலில் கால் மணி நேரம் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அவர் தலையசைக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.