குறைத்துப் பதில் சொல்லாத மதிப்பீட்டாளர்

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, என் தோழி சுகந்தியின் கணவர் ஜெகனின் அழைப்பு வந்தது. எனக்குப் பின்னால் வீடு பார்க்க வந்த ஓர் இளம் தம்பதி நின்றார்கள். “அண்ணை, சுகந்தி விடிய எங்களை விட்டுப் போயிட்டா” என்றார் ஜெகன். “எங்க நிக்கிறியள்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப வீட்டைக் காட்டிப்போட்டு வாங்கோ. அவ இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பா.”

காட்டினேன். சமையலறையையும் பின் தோட்டத்தையும் காட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, அவர்களை அனுப்பிய பிறகுதான் காருக்குள் இருந்து அழுதேன்.

சுகந்தியை அறிந்த உங்களில் பலருக்கு அவர் வங்கிகளுக்காக வீடுகளைப் பார்த்து விலை மதிப்பிடும் பட்டய மதிப்பீட்டாளர். அந்த நிலைக்கு அவர் வந்த வழியை அருகில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் வயது இருபதுகளின் நடுவில் இருந்தபோது, மிச்சத்தில் எங்களவர் ஒருவர் நடத்திய வீடு விற்பனை நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எங்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. சட்டையும் கழுத்தில் ஒரு ரையும் இருந்தால் போதும். வீடு விற்பதற்கு இங்கிலாந்தில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

சுகந்திக்குப் பேச்சுத் திக்கும். தமிழிலும் திக்கும், ஆங்கிலத்திலும் திக்கும். வேலைக்கு வந்த முதல் நாட்களில் ஒருவர் தொலைபேசியில், அவர் ஒரு சொல்லில் நின்று போராடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டார். அலுவலகம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. சுகந்தி மீண்டும் அதே எண்ணுக்கு அழைத்தார். “நான் பேசி முடிக்கவில்லை” என்று ஆங்கிலத்தில் தொடங்கி, மெதுவாக, சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தார். அந்த மனிதர் சனிக்கிழமை வந்து வீட்டைப் பார்த்தார். சுகந்தியைத்தான் கேட்டு வந்தார்.

அவர் அந்த வேலையை இழந்தது ஒரு கூரை அறையால். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டில் கூரைக்குக் கீழே பலகை அடித்து, ஓர் அறை எழுப்பி, அதை நான்காவது படுக்கையறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம். மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பார்க்க வந்தது. மனைவி கர்ப்பமாக இருந்தார். மூத்த பிள்ளைகள் இரண்டும் மேலே ஓடிப்போய், எந்த மூலை யாருக்கு என்று சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டன. “அக்கா, பிள்ளையளை இதில படுக்க விடலாமோ?” என்று அந்தப் பெண் கேட்டார்.

சுகந்தி சமையலறைப் பக்கம் இறங்கும் படியை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கவுன்சில் இதை வந்து பார்த்து ஒப்புக்கொண்டதுக்கு எங்களிட்ட ஒரு பத்திரமும் இல்லை. நெருப்புப் பிடிச்சால் கீழ இறங்க இந்த ஒரு படிதான், அதுவும் குசினிக்கு மேலால வருது. நான் எண்டால் விடமாட்டன்.”

அவர்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. செய்தி முதலாளியின் காதுக்குப் போனது. எல்லோரும் இருக்கும்போதே அவர் கத்தினார். “வாய் திக்கிற பிள்ளை எண்டு இரக்கப்பட்டு வேலை குடுத்தனான். உந்த நேரம் மட்டும் உமக்கு வாய் நல்லாத் திறக்குதோ?”

சுகந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீங்கள் இரக்கம் எண்டு தந்தியள். நான் வேலை எண்டு செய்தன்” என்றார். அன்று ஒரு சொல்லிலும் அவர் திக்கவில்லை என்று பிறகு சிலர் கதை கட்டினார்கள். உண்மை அதுவல்ல. ‘வேலை’ என்ற சொல்லில் நீண்ட நேரம் நின்றார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். முதலாளியும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் நானும் அங்கிருந்து விலகி விம்பிள்டனில் வேறொரு இடத்தில் சேர்ந்தேன். சுகந்தி குரொய்டனில் மதிப்பீட்டாளர்கள் சிலரிடம் உதவியாளராகப் போனார். பகலில் அவர்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கிழமையில் ஒரு நாள் பல்கலைக்கழகம். ஜெகன் பஸ் சாரதி. தன் ஷிப்டுகளைச் சுகந்தியின் வகுப்புகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். “ஒருத்தரும் கேக்காத படிப்பை ஏன் படிக்கிறியள்? விற்பனைக்கே திரும்பி வரலாம்தானே?” என்று சுகந்தியை ஒருமுறை கேட்டேன்.

“அண்டைக்கு அந்தக் கூரை அறையில அந்தத் தாய்ப் பிள்ளை என்னைக் கேட்டா. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். தெரிஞ்ச மட்டும் சொன்னன். தெரியாததுகள் எவ்வளவு இருந்திருக்கும் பாலா?” என்றார்.

படிப்பு முடிந்த பின் கடைசியாக ஒரு நேர்முகப் பரீட்சை. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் ஒரு மணிநேரம் பேச வேண்டும். பேச்சில் சிரமம் உள்ளவர்கள் கேட்டால் மேலதிக நேரம் கொடுப்பார்கள். சுகந்தி கேட்க மறுத்தார். “சலுகையில பாஸ் பண்ணினவ எண்டு சொல்லுவினம்.” நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் திக்கக்கூடிய சொற்களையெல்லாம் விட்டு, வாய்க்கு இலகுவான சொற்களைத் தேடினார். தொழிற்சொற்களுக்கு மாற்றுச் சொல் ஏது? தெரிந்த பதில்களைக் கூடப் பாதியாக வெட்டிச் சொல்லிவிட்டு வந்தார். தோற்றுப்போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுகந்தி உயரம் குறைந்தவர். வீடுகளின் கூரைக்குள் எட்டிப் பார்க்கக் காரில் எப்போதும் ஒரு மடக்கு ஏணி வைத்திருப்பார். ஜெகன் தேநீரை என்னிடம் தந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். “உமக்கு லொப்டைப் பார்க்க ஏணி வேணும். நெட்டையனுக்கு வேண்டாம். நீர் ஏணியில ஏறிப் பார்த்தது எண்டு வீட்டின்ர விலை குறையுதோ?”

சுகந்தி அவரை முறைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தக் கிழமையே மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பித்தார்.

பிறகு ஞாயிறுதோறும் ஜெகனும் நானும் பரீட்சகர்களாக அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு விளங்காத கேள்விகளைப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்போம். எந்தச் சொல்லையும் தவிர்க்கக் கூடாது, நாங்கள் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது என்பது சுகந்தி போட்ட சட்டம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஜெகன் ஒரு சொல்லை முடித்து வைக்க, சுகந்தி அவரைக் குசினிக்கு அனுப்பிவிட்டு என்னோடு தொடர்ந்தார்.

இரண்டாம் முறை தேறினார். “பாலா, ஒரு கேள்விக்கும் நான் குறைச்சுப் பதில் சொல்லேல்ல” என்றுதான் தொலைபேசியில் எனக்குச் சொன்னார். தேறியதை ஜெகன் பின்னாலிருந்து கத்தியபோதுதான் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு வங்கி ஒரு வீட்டை மதிப்பிடும்படி அவரைக் கேட்டது. அது எங்கள் பழைய முதலாளியின் வீடு. அவருடைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. வீட்டின் மேல் கடன் எடுக்காவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை. யார் வரப்போகிறார் என்று அறிந்து அவரே தொலைபேசி எடுத்தார். அப்போது சுகந்தியும் நானும் ஒரு கடையில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தோம். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

“தங்கச்சி, பழசுகளை மறந்து ஒரு நல்ல விலையாப் போட்டுவிடும்.”

“அண்ணை, நான் வரேல்ல. உங்களைத் தெரியும் எண்டு வங்கிக்குச் சொல்லிப்போட்டன். வேற ஆள் வருவார்.”

“அப்ப இன்னும் கோவமோ?”

“ஓம், கோவம் இருக்கு. அதாலதான் வரேல்ல.”

தொலைபேசியை வைத்தபின் நான் கேட்காமலே சொன்னார். “நான் குறைச்சுப் போட்டால் அது என்ர கோவம். கூட்டிப் போட்டால், எனக்குக் கோவம் இல்லை எண்டு காட்டுறது. வீட்டின்ர விலை எது எண்டு எனக்கே தெரியாமல் போயிடும்.” பிறகு குழம்பைச் சோற்றில் விட்டுச் சாப்பிடத் தொடங்கினார். வேறொருவர் போய் நியாயமான விலை போட்டார் என்றும், கடன் கிடைத்தது என்றும் பிற்பாடு அறிந்தோம். சுகந்தியின் இறுதிச் சடங்குக்கு, முதியவராகிவிட்ட அந்த முதலாளியும் வந்திருந்தார். கடைசி வரிசையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

புற்றுநோய் கண்டபின்னும் சுகந்தி ஓயவில்லை. முதல் வீடு வாங்கும் எங்களவர்களுக்காக மிச்சத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், மருந்தில் முடி உதிர்ந்த தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு பேசினார். “இந்த ஊரில வாடகைக்கு மினிகாப் கார் ஓட லைசென்ஸ் வேணும். கடையில வைன் விக்க லைசென்ஸ் வேணும். ஒரு குடும்பம் உழைச்சதெல்லாம் கொண்டுவந்து வைக்கிற வீட்டை விக்க ஒண்டும் வேண்டாம். இதுக்குச் சட்டம் வர வேணும்.” அடுத்த சொல்லில் திக்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் அதை எடுத்துக் கொடுத்தார். “பொறுங்கோ தம்பி, அது நான் சொல்ல வந்த சொல் இல்லை” என்றார் சுகந்தி. மண்டபம் சிரித்தது. அவர் தன் சொல்லைச் சொன்னார்: “வெக்கம். சட்டம் வரும் வரைக்கும் இந்தத் தொழிலில இருக்கிற எங்களுக்கு வெக்கம் இருக்க வேணும். ஆரும் கேக்காட்டியும் நாங்களே படிச்சுச் சோதினை எழுத வேணும்.”

அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. வரவேண்டும் என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அவர் தொடங்கிய கோரிக்கையை ஜெகனும் நானும் தொடர்கிறோம். எனக்கு இப்போது சொந்தமாக ஒரு சிறிய அலுவலகம் இருக்கிறது, இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மூவரும் விற்பனையாளர் தகுதிப் பரீட்சைக்குப் பதிந்திருக்கிறோம். ஐம்பதைத் தாண்டிய பின் சட்டப் புத்தகம் தலைக்குள் ஏறுவது கடினம். தோற்றால் மறுபடி எழுதுவேன்.

சுகந்தியிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய பொறுமையை அல்ல. அவர் பொறுமைசாலியும் அல்ல. கேட்டவருக்கு முழுப் பதிலும் உரியது என்ற அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொண்டேன். நேற்று ஒரு பெண் தனியாக வீடு பார்க்க வந்தார். சுவரில் இருந்த ஈரக் கறையைக் காட்டி, “இது ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். இந்தத் தொழிலில் அதற்கு, ‘பெயின்ற் அடிச்சால் போயிடும்’ என்ற சுருக்கமான பதில் ஒன்று உண்டு. என் நாக்கு நுனி வரை அது வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அவரை இருக்கச் சொல்லி, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் முதலிலிருந்து சொன்னேன்.