நான் கலந்த பஃபர்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதற்காகப் பலமுறை வருந்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நடந்துகொண்டதற்கு மட்டும் இன்னும் வருந்தி முடியவில்லை.

மதுரையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. பரவையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். சற்றே மாற்றியமைத்த சர்க்கரையை நொதியைக் கொண்டு புரதத் துண்டில் ஒட்டவைக்க வேண்டும். அதுதான் அவள் ஆய்வு. துளி மாங்கனீசு இல்லாவிட்டால் அந்த நொதி வேலை செய்யாது. சர்க்கரை ஒட்டினால் புரதத் துண்டின் எடை கூடும். இரண்டு மாதமாக எடை கூடவே இல்லை. ஆடி முடிவதற்குள் ஒட்டிக் காட்டாவிட்டால் ஆய்வை விட்டுவிட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆய்வகத்தில், அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் பஃபர் கரைசல் எல்லோருக்கும் ஒரே கேனில் இருக்கும். காலி செய்தவர் அடுத்ததைக் கலக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் ஓடிய பெரிய கேன் நான் கலந்தது. பஃபர் மேல்தான் சந்தேகமாக இருக்கிறது என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் வேலை அதே பஃபர்லதான புள்ள ஓடுது?" என்றேன். அவள் அதே கேனிலிருந்து மறுபடி ஊற்றிக்கொண்டு போனாள்.

ஆடி கடைசி வாரத்தில் என் குறிப்பேட்டைப் புரட்டியபோது பகீர் என்றது. முன்பு வேலை பார்த்த இடத்துப் பழக்கத்தில் பஃபரில் ஈடிடிஏ உப்பையும் சேர்த்திருக்கிறேன். புரதம் கெடாமல் வைக்க அது நல்லது. ஆனால் மாங்கனீசைக் கண்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நொதிக்கு மிச்சம் வைக்காது. என் வேலைக்கு மாங்கனீசே வேண்டாம். அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். பேராசிரியர் முன்னால் தலைகுனிய மனமில்லாமல் கேனைக் கழுவிப் புதிதாகக் கலந்து வைத்தேன். இன்னொரு முறை செய்துபார்க்க அவளுக்குத் தெம்பில்லை. விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். பாவி நான், பஸ் ஏறும்வரை கூடவே போய் ஆறுதல் வேறு சொன்னேன்.

போன மாதம் ஆனையூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். மருந்துக்கடையில் வேலை என்றாள். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்பக்கா தெரிஞ்சுச்சு?"

"நீ போறதுக்கு நாலு நாள் முந்தி."

பஸ் வந்தது.

"நான் போன பெறகு தெரிஞ்சுச்சுன்னு சொல்லியிருக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.