ஆணி அடிக்க அனுமதி

இன்று காலை மேல்மாடியில் சுவரைத் துளைக்கும் சத்தம். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள் நால்வர் வாடகைக்கு வந்திருக்கிறார்கள், டி.வி. மாட்டுகிறார்கள் போல. ஜன்னல் வழியாகச் சிமெண்ட் தூள் வாசனை இறங்கியது. வீட்டுக்காரரிடம் கேட்டார்களோ இல்லையோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பதினான்கு வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறேன், வாடகைக்காரன் புத்தி இன்னும் போகவில்லை பாருங்கள்.

அதற்கு முன் ஒன்பது வாடகை வீடுகள். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல ஒன்றையே சொல்வார்கள். கரமனையில் ஓர் அம்மா சாவியை என் கையில் வைத்துவிட்டு, "எல்லாம் செய்தோ. சுவர்ல ஆணி மட்டும் அடிக்கருது, கேட்டோ" என்றார். எனவே எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கடிகாரம் அலமாரிமேல் சாய்ந்து படுத்தபடி நேரம் காட்டியது. கல்யாணப் போட்டோ ஒன்பது வீட்டிலும் பெட்டிக்குள்தான் இருந்தது. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஆணி ஒன்று கிடைத்துவிட்டால் அன்று என் மனைவி லீலாவுக்குப் பண்டிகை.

இந்த ஃப்ளாட் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரு புதன்கிழமை பார்க்கப் போனோம். பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரம். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, இரண்டாம் மாடி. இரண்டு அறை. சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கீழே சிப்ஸ் கடை. தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் பொரியும் மணம் படியேறி நம்மோடு வீட்டுக்குள் வரும்.

அந்த மணம் எனக்குப் பழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அங்கே இங்கே சுற்றி, பத்தொன்பது வயதில் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது கிடைத்த முதல் வேலை சிப்ஸ் சீவுவது. கொதிக்கும் எண்ணெய்க்கு நேர்மேலே பிடித்துச் சீவ வேண்டும். ஒரு வாரத்தில் முழங்கை வரை புள்ளி புள்ளியாகப் பொள்ளும். பிறகு தோல் தடித்துவிடும், தொந்தரவு இல்லை. முதலாளி என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "ஈ பாண்டி ஓணம் வரெ நிக்குமோடா?" என்று கேட்டார். பாண்டி என்றால் அங்கே தமிழன். நிற்கவில்லை. ஓணத்துக்கு முன்பே கொச்சி போய்விட்டேன். ஆளை எடைபோடத் தெரிந்த மனிதர்.

ஃப்ளாட்டை விற்றவர் மணி சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவர். பெங்களூரில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை இன்னொரு பார்ட்டி வரான். வாங்கி வாடகைக்கு விடப்போறானாம். குடியிருக்கறவாளுக்குக் குடுத்தா எனக்கு சந்தோஷம். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ" என்றார்.

லீலா சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டுச் சுவரில் எத்தனை ஆணி! குடைக்கு, சாவிக்கு, பஞ்சாங்கத்துக்கு, ஷூ மாட்டும் கரண்டிக்குக்கூட.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. நீங்க நிப்பீங்களா?"

"எங்க?"

"எங்கன்னா? ஒரு எடத்துல நின்ன ஆளா நீங்க?"

இரண்டு முறை சொல்லாமல் போயிருக்கிறேன். முதலில் மங்களூருக்கு, மீன்பிடிப் படகில் சமையல், நான்கு மாதம். அடுத்து சூரத், அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள், திரும்பியபோது ஓடினாள். ஏன் போனாய் என்றால் இன்றும் சொல்லத் தெரியாது. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. கால் போயிற்று, நானும் கூடப் போனேன்.

"ஆதாரம் என் பேர்ல எழுதணும்" என்றாள் லீலா. "நீங்க போனாலும் எனக்கும் பிள்ளைக்கும் ஒரு வாசல் வேணும். சம்மதமுண்டா? இல்லேன்னா அந்த ஞாயித்துக்கிழமைக்காரனே வாங்கட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. மீன் விலை கேட்பதுபோலக் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டு பஸ்ஸை விட்டேன். அதில் ஒன்று எங்கள் பஸ். மூன்றாவது வந்தபோது சம்மதம் என்றேன். சனிக்கிழமை மணி சாரிடம் சொன்னோம்.

ஆதாரம் என்று அவள் சொன்ன பத்திரம் மலையாளத்தில் இருந்தது. லீலா பாறசாலைப் பள்ளியில் பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவள்; விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். எனக்கு அந்த எழுத்தில் பஸ் பலகைக்கு மேல் ஓடாது. என் பெயரும் அதில் வந்தது, அவள் யாருடைய மனைவி என்று சொல்லும் இடத்தில்.

சாவி கொடுக்கும் நாளில் மணி சார் தன் சாமான்களோடு ஆணிகளையும் பிடுங்கிவிட்டு, ஓட்டைகளைப் பூசி வெள்ளையடித்து வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமான சுவரைக் கண்டதும் என் வாய் தானாகக் கேட்டது:

"சார், ஒண்ணு ரெண்டு எடத்துல ஆணி அடிச்சா குத்தமில்லையே?"

மணி சார் கையைத் தூக்கி லீலாவைக் காட்டினார். "ஓய், நான் இன்னிக்கு இங்க விருந்தாளி. வீட்டுக்காரி அதோ நிக்கறா, அவள்ட்ட கேளும்."

லீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்ல இங்க ஒண்ணு அடிங்க. உங்க பை இதுல கெடக்கட்டு. எனக்குக் காணணும்."

அடித்தேன். வளைந்துதான் இறங்கியது. சூரத் வரை போய்வந்த காக்கிப் பையை அதில் மாட்டினேன். கல்யாணப் போட்டோவுக்கு இரண்டாவது ஆணி.

மணி சார் இங்கிருந்து போய் மூன்றாம் வருடம் பெங்களூரில் காலமானார். சிப்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. படியில் எந்த மணமும் ஏறுவதில்லை. இவையெல்லாம் போனது எனக்குத் தெரிந்தே போனது.

தெரியாமல் போனது வேறொன்று. அப்போதெல்லாம் லீலா சாயங்காலம் துணிக்கடை வேலை முடிந்து வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன் கதவைச் சற்றுத் தள்ளி அந்த ஆணியில் பை தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பாள். பிறகுதான் என்னைப் பார்ப்பாள். வருடக்கணக்கில் பார்த்தாள். நானும் பார்க்காததுபோல இருப்பேன். அந்தப் பார்வை இப்போது இல்லை. நேராக உள்ளே வந்து, "சாயா போட்டாச்சா?" என்கிறாள். எந்த நாளோடு அது நின்றது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அவளிடம் கேட்டால், "எந்தப் பார்வை?" என்கிறாள்.