அக்கா பாடிய இசைத்தட்டு

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவர்களுடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டார். எழுத உட்காரும்போதெல்லாம் வேறொன்றுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

அக்கா ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் பிறந்தார்கள். அம்மா இறந்தபோது அவர்களுக்குப் பதின்மூன்று வயது. முந்திரிக்கொட்டை உடைத்து என்னையும் தங்கையையும் வளர்த்தார்கள். கொட்டைப் பால் பட்டு விரல்களில் எப்போதும் தோல் உரிந்திருக்கும். கொட்டை உடைக்கும் இடத்தில் அவர்கள் பாடுவதைக் கேள்விப்பட்டு, ஊர் ஊராகப் பாட்டுச் சேகரித்த ஒருவர் வந்து பதிவு செய்துகொண்டு போனார். அடுத்த வருடம் தபாலில் ஓர் இசைத்தட்டு வந்தது. நடவுப் பாட்டு, தாலாட்டு, எல்லாம் அக்காவின் குரல். போட்டுக் கேட்க எங்களிடம் பாட்டுப் பெட்டி இல்லை.

தங்கை கல்யாணத்துக்கு மைக் செட் வந்தபோது, பெருமையில் நான்தான் அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடட்டுமா என்று செட்டுக்காரர் கேட்டார். போடுங்க என்றேன். நான் படித்தவன். தட்டின் நடுவே அச்சடித்திருந்ததை ஒரு தடவை பார்த்திருக்கலாம். மறுபக்கம் முழுக்க ஒப்பாரி. அம்மாவை நினைத்து அக்கா பாடியது. தாலி கட்டச் சற்று நேரமே இருக்கையில், குழாய் ஸ்பீக்கரில் அது ஊருக்கே கேட்டது.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

"எவன்டா குடுத்தது இத?" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

எனக்கும் அந்த வீட்டிலேயே பெண் பேசியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"நாந்தாங்க குடுத்தேன். ஏம் பாட்டுன்னு ஆசப்பட்டுட்டேன்" என்றார்கள் அக்கா.

"ஒன் ஆசைக்கு கல்யாண வூட்டுலயா ஒப்பாரி வெக்கிற?"

மூன்றாம் வருடம் தங்கை கணவரை இழந்தாள். பழி முழுவதும் அக்கா மேல் விழுந்தது. யாரும் அவர்களை நல்ல காரியத்துக்குக் கூப்பிடவில்லை. பாட்டு ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மகள் காதுகுத்துக்கு நானும் கூப்பிடவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். வாழ்க்கைப்பட்ட கீழப்பழுவூரிலிருந்து பஸ் மாறி வந்த அக்கா, ஒரு ஜோடி கொலுசை வாசலில் நின்றே கொடுத்தார்கள்.

"புள்ளய நான் தொடல தம்பி. நீயே போட்டு வுடு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் பாடி யாரும் கேட்டதில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அக்கா கண் மூடினார்கள். பதினாறாம் நாள் அவர்களுடைய பெட்டியை ஒழிக்கும்போது, சேலைகளுக்கு அடியில் துண்டில் சுற்றிய அந்தத் தட்டை என் மகள் எடுத்து வந்தாள். அப்படியொன்று இருந்ததையே நான் மறந்திருந்தேன். எப்படி மறக்க முடிந்தது என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் பாட்டுப் பெட்டி இரவல் வாங்கிப் போட்டோம்.

"யாருப்பா பாடறது?"

"அத்தை."

"அத்தைக்குப் பாடத் தெரியுமா?"

 அத்தை பாடுவதை ஏன் நிறுத்தினார்கள் என்று அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டாகியும் நான் சொல்லவில்லை.

என் மனைவிக்கும் தங்கைக்கும் இதைப் படிக்கும்போதுதான் உண்மை தெரியும். அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ. மன்னிக்கக் கூடியவர் போய்விட்டார்.

கடைசி நாட்களில் அக்காவை முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட மாமாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும் என் வணக்கம். இம்மலரைப் பெறும் உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் குடும்பத்தில் அக்காவை ஏசியவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. தட்டைக் கொடுத்தவன் நான்தான் என்ற இடத்தை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.