வலிக்காத முட்டியின் படம்

திண்டிவனத்தில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்த டாக்டர் கிரேஸ் இறந்த செய்தி வந்தபோது, விழுப்புரத்தில் என் பம்ப்செட் கடையில் கோலியனூர்க்காரர் ஒருவர் மோட்டாருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். போனில் சென்டர் டெக்னீஷியன் அன்பு. "அண்ணா, அம்மா பூட்டாங்க. தூக்கத்துலயே." கோலியனூர்க்காரர் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

டாக்டரம்மாவோடு பழகியவர்களுக்குத் தெரியும், பேச்சு கொஞ்சம்தான். அதுவும் சுருக்கென்று இருக்கும். எனக்கு அவர் பழக்கமானது என் மகள் செல்வியின் இடது முட்டியால்.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத் தேர்வுக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். முட்டி வலித்தது. படி இறங்கினால் கடக்கென்று சத்தம். திண்டிவனத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த விழுப்புரம் டாக்டர் ஒருவர், "ஜவ்வுல கிழிசல், தேய்மானமும் இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். பண்ணினால் ஓட்டத் தேர்வு போய்விடும். செல்வி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரக்கில் சந்தேகம் வந்தால் அனுப்பியவரையே கேட்பது என் வழக்கம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் டாக்டரம்மா. திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினோம்.

"தேய்மானம்னா மாத்திட வேண்டியதுதானே டாக்டர்? தேஞ்ச பேரிங்கை வெச்சிக்கினு ஓட்டுன்னு நான் யாருக்கும் சொன்னதில்லை" என்றேன்.

"உங்க பொண்ணு என்ன பம்ப்செட்டா?" என்றார். பிறகு செல்வியிடம் திரும்பினார். "முட்டி வீங்குதா? மடக்கினா பூட்டிக்குதா?"

"இல்லீங்க மேடம். ஓடினாத்தான் வலி."

"சரி. அந்த நல்ல முட்டியையும் ஒரு படம் எடுப்போம்."

இன்னொரு ஸ்கேனைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். "உங்க வியாபார புத்தியை வாசல்ல விட்டுட்டு வாங்க. இது என் திருப்திக்கு" என்றார்.

வலது முட்டியிலும் அதே கிழிசல், அதே தேய்மானம். அந்த முட்டியில் செல்விக்கு ஒரு நாளும் வலி கிடையாது.

"படம் பொய் சொல்லலை. ஆனா வலிக்கு இதுதான் காரணம்னும் அது சொல்லலை. உங்க வயசுலயும் வலியே இல்லாத சில பேருக்கு இப்படித் தெரியும்" என்றார் அவளிடம்.

"அப்போ ரெண்டையும் அறுக்கணுமாப்பா?" என்று செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வலி வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அதோடு விட்டுவிடவில்லை டாக்டரம்மா. "நான் படம் பாக்கிறவ. காலைத் தொட்டுப் பாக்கிறவர் சொல்லட்டும்" என்று தெரிந்த எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் அழுத்தி, மடக்கிப் பார்த்தார். தொடைச் சதையில் பலமில்லாமல், தார் ரோட்டில் திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியதுதான் வினை என்றார். கொஞ்ச நாள் ஓட்டத்தைக் குறைத்து, பயிற்சி செய்யச் சொன்னார். செய்தாள். வலி முழுதாகப் போகவில்லை, குறைந்தது. ஓடினாள், தேறினாள். எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல வரவில்லை. அறுக்க வேண்டிய முட்டியும் உண்டு. அதையும் டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார்.

அடக்கத்துக்குச் செல்வி டூட்டியிலிருந்து காக்கி உடுப்போடு வந்தாள். பெட்டி அருகே முட்டி போட்டு மாலை வைத்தாள். எதையும் பிடிக்காமல் எழுந்தாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல கொஞ்சம் இருக்குப்பா. இருந்துட்டுப் போவட்டும்."

டாக்டரம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வலது முட்டியின் படம். செல்வியின் கதையைக் கேள்விப்பட்டு, பிள்ளையின் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கெடார் கிராமத்திலிருந்துகூட ஆட்கள் என் கடைக்குப் பதறி வருகிறார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது வலிக்கிற முட்டியா, வலிக்காத முட்டியா, சொல்லுங்க" என்கிறேன். யாராலும் சொல்ல முடிவதில்லை. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவாலும் சொல்லியிருக்க முடியாது. அதை எங்களிடம் வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.