போடில் வெட்டி எடுத்த ராசா

இஸ்திரி நீராவியும் பிளாஸ்கில் கிடந்து கறுத்த கோப்பியும் கலந்த ஒரு மணம்... டென்மார்க்கில் இக்காஸ்ட் நகரத்து அந்தக் காலத் தையல் ஃபக்டரியில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்த மணத்தை நினைத்தாலே எனக்குப் போடில்தான் ஞாபகத்துக்கு வருவார்.

போடிலுக்கு எனக்கு அடுத்த மெஷின். என்னைவிட இருபது வயது மூத்த டேனிஷ்காரி. சனிக்கிழமையில் நாங்கள் எல்லாரும் கடைத்தெருவுக்குப் போக, அவர் கார் ஓடிப் பக்கத்து நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போவார். பழைய தேவாலயப் பதிவுகளை ஃபிலிம் மெஷினில் கண் சிவக்கப் பார்த்துத் தன் பரம்பரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பதினொரு வருஷமாக.

ஒருநாள் கோப்பி நேரம், தாள்களை ஒட்டி ஒட்டிச் செய்த நீளச் சுருள் ஒன்றைக் கன்டீன் மேசையில் விரித்தார். கீழே போடில், அவருடைய அப்பா, அதற்கு மேல் தோட்டக்காரர், கூலிகள்... இன்னும் மேலே டோர்த்தா என்றொரு பெண். அவளுடைய தகப்பன் ஒரு மாளிகைப் பிரபு. மாளிகைக்குள் புகுந்துவிட்டால் பிறகு ஏறுவது சுகம், பிரபுக்களின் வம்சமெல்லாம் அச்சுப் புத்தகமாகவே இருக்கிறதாம். அப்படி ஏறி ஏறி, மேசையின் மற்ற நுனியில் இடைக்காலத்து டேனிஷ் ராசா ஒருவர் இருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனுஷனுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப நீர் இவ்வளவு நாளும் இளவரசிக்குப் பக்கத்திலயோ இருந்து தைச்சனீர்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டனுக்கு மேல் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. போடிலைப் பார்க்க வியப்பாகத்தான் இருந்தது.

அந்த ராசா போடிலுக்காக அல்ல, அவருடைய அப்பாவுக்காக. கிழவர் சின்ன வயதில் ஒரு மாளிகையில் மாடு மேய்த்தவராம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த முன்வாசலைக் கடக்க வேண்டுமாம். வரப்போகும் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளில், ஊர் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் அந்தச் சுருளை விரித்துக் காட்ட வேண்டும்... அதுதான் போடிலின் ஆசை. என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

கெடுத்தது என் வாய்.

டோர்த்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் பிள்ளையைத் தூக்கி நின்றவர் யார், பக்கத்தில் சாட்சியாக நின்றவர்கள் யார் என்று போதகர் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். போடில் எனக்கு ஆசையோடு வாசித்துக் காட்டினார். மாவு ஆலைக்காரன் பெண்சாதி, ஆட்டிடையன், பக்கத்துத் தோட்டத்து வேலைக்காரி...

நான் அரைகுறை டேனிஷில் கேட்டதைத் தமிழிலேயே எழுதுகிறேன். "தாய்வீட்டு ஆக்கள் எங்கை? எங்கட சனத்தில தாய்மாமன் இல்லாமல் ஒரு சடங்கும் நடக்காது. ஐஞ்சு பிள்ளைக்கும் மாளிகையில இருந்து ஒருத்தரும் வரேல்லையோ?"

போடில் ஐந்து பட்டியலையும் முதலிலிருந்து திரும்ப வாசித்தார். கோப்பி ஆறிப்போனது.

அடுத்த சனிக்கிழமை காப்பகத்தில் கண்டுபிடித்துவிட்டார். பிரபுவின் மகள் டோர்த்தா ஒன்பது வயதில் அம்மை வந்து செத்துப்போயிருக்கிறாள். போடிலின் டோர்த்தா வேறு யாரோ ஒருத்தி. பெயரும் ஊரும்தான் ஒன்று.

திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "சொல்லாமல் விடுங்கோ போடில். தொண்ணூறு வயசு மனிசன், ஆர் போய்த் தோண்டிப் பாக்கப் போகினம்?" என்றேன்.

"அப்ப அந்த மற்ற டோர்த்தாவை ஆர் தேடுறது?" என்றார்.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, டோர்த்தாவுக்கு மேலே ஒரே வெட்டு. ராசாவும் பிரபுக்களும் குப்பைக் கூடைக்குள் போனார்கள். பிறகு மெஷினில் இருந்து தைக்கத் தொடங்கினார். அப்படி ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

பிறந்தநாள் மண்டபத்தில் சின்னச் சின்னக் கொடிகள், பாட்டு, பேச்சு. போடில் எழும்பி, ராசா கிடைத்த கதையையும் போன கதையையும் ஒளிக்காமல் சொன்னார். என் கேள்வியையும் விடவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்க, எனக்கு மேசைக்கடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது. கிழவர் காதில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப வந்து நிண்டது ஆர் ஆர்?"

போடில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆலைக்காரன் பெண்சாதி. ஆட்டிடையன். வேலைக்காரி. ஒவ்வொரு பெயருக்கும் கிழவர் கிளாசைச் சற்றே உயர்த்தினார். ஐந்து பிள்ளைகளின் பட்டியலும் முடியும்வரை கையை இறக்கவில்லை.

அந்தக் கேள்வி என் வாயில் ஏன் அப்படிச் சட்டென்று வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மகள் பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழித்து முப்பத்தொன்று செய்தபோது, அண்ணா வன்னியில். சண்டையால் பாதை பூட்டு. என் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை. ஃபக்டரி ஆட்கள்தான் வந்தார்கள். பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றது போடில்...

வீட்டுக்கு வந்து, அந்தச் சடங்கில் பிடித்த படத்தை எடுத்தேன். பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இப்போது அந்த ஃபக்டரி இல்லை, கட்டிடத்தில் ஜிம் நடக்கிறது. பதிவுகளெல்லாம் இன்டர்நெட்டில். எங்கள் வேலையிடத்து இளசுகள் போனில் நாலு தட்டுத் தட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் ஒரு ராசாவைப் பிடித்துவிடுகிறார்கள். ஒருவரும் கத்தரிக்கோல் எடுப்பதாகத் தெரியவில்லை.

போன மாதம் பேரனுக்கு முப்பத்தொன்று. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் மண்டபம் எடுத்து, வீடியோக்காரர் பிடித்து, தாய்மாமனாக என் மகன் சால்வையோடு நிற்க, குறையில்லாமல் நடந்தது. வந்த இருநூறு பேரில் பாதிப் பேரின் பெயர் எனக்கே தெரியாது.

அடுத்த நாள் மகள் பழைய அல்பத்தைப் பார்த்துவிட்டு வழக்கம்போல டேனிஷில் கேட்டாள், தன்னுடைய சடங்கில் மாமா எங்கே நிற்கிறார் என்று.

"திருப்பிப் பார் பிள்ளை," என்றேன்.

என் கோணல் எழுத்தில் எட்டுப் பெயர்கள். முதல் வரியை அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"தூக்கி நின்றவர், போடில்."