பாக்கலாமுங்க

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதைவிடப் பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவதுதான் பெரிய வேலை. சூலூரிலிருந்து கோயம்புத்தூர் போய் ஒரு புதுப்படம் பார்த்தால், திரும்பும் பஸ்ஸில் ஆரம்பிக்கிற பேச்சு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பழைய படம் போடும்வரை ஓடும். பிறகு அந்தப் பழைய படத்தைப் பற்றிப் பேச்சு. அப்பாவுக்குப் பழைய படம்தான் படம். அந்தக் காலத்தில் நடிகர்கள் வாயைத் திறந்து பேசினார்கள், இப்போது மென்று விழுங்குகிறார்கள் என்பார். நாளெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் நிற்கிற மனிதருக்கு வசனம் உரக்கக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அம்மா எந்தப் படத்தையும் அதில் வரும் மாமியார் கடைசியில் என்ன ஆனாள் என்பதை வைத்தே எடைபோடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டு நன்றாக இருந்தால் படமும் நன்றாக இருந்த மாதிரிதான்.

ஆனால் தீர்ப்பு அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை, மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எல்லாரும் பேசி ஓயும்வரை வாயைத் திறக்க மாட்டாள். பிறகு மெதுவாக, "அந்தம்மா அத்தனை வருசம் அழுதுட்டே இருந்தாளே, அதுவரைக்கும் அந்த ஊட்ல சோறாக்குனது ஆருங்கண்ணா?" என்று கேட்பாள். அப்பா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய படம் அங்கேயே படுத்துவிடும். அவளிடம் மூன்றே மார்க்குதான். மோசமான படத்துக்கு 'ஐயோ சாமி'. சுமாரானதற்கு 'போதும்'. ரொம்பப் பிடித்துவிட்டால் 'பாக்கலாம்'. அதற்கு மேல் யாரையும் எதையும் புகழ்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. வருடத்தில் ஒரு படம் அவளிடம் 'பாக்கலாம்' வாங்கினால் அதிசயம்.

அதே சொல்லுக்கு வீட்டுக்கு வெளியே அர்த்தம் வேறு. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது, வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். அது மரியாதையில்லை. மனசில்லாதவர்கள் "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களும் பலகாரத் தட்டைக் காலி செய்துவிட்டு, சிரித்த முகமாய்க் கும்பிட்டு, "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நிறம் கொஞ்சம் மட்டு என்றார்களாம் ஒரு வீட்டில். முப்பதைத் தொடப் போகிறாளே என்றார்களாம் இன்னொரு வீட்டில். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு குழப்பம்தான். இத்தனை பேர் வந்து அத்தைக்கு முதல் மார்க் போட்டும் கல்யாணம் ஏன் நடக்க மாட்டேன் என்கிறது?

கடைசியாக வந்தவர்கள் போன அன்று அத்தை தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி, "இனி ஆரும் என்னையப் பாக்க வர வேண்டாமுங்கண்ணா. போதும்" என்றாள். குரல் உயரவே இல்லை. நான் அதையும் மார்க் என்றே எடுத்துக்கொண்டேன். அப்பா மட்டும் எழுந்து தறிக்குடோனுக்குப் போய், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை வரவில்லை.

அப்பா விட்டுவிடவும் இல்லை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற ஒருவரையும் அவருடைய அம்மாவையும், நாங்கள் போகிற அதே தியேட்டருக்கு, அதே ஆட்டத்துக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். அத்தையிடம் மூச்சுவிடவில்லை. அம்மாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கோ, பூ வெச்சுக்கோ என்று பின்னாலேயே சுற்றினாள். "இருட்டுல ஆருங்கண்ணி பாக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு, கடைக்குப் போட்டுப்போகிற சுடிதாரோடேயே அத்தை பஸ் ஏறினாள்.

இடைவேளையில் வெளியே வந்தோம். "ஏனுங்க! நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று அப்பா போட்ட சத்தத்தில் பஃப்ஸ் வாங்க நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது. அடடா, எத்தனை நடிகர்களை நடிக்கத் தெரியாதவன் என்று திட்டியிருப்பார்! அந்த ஒரு வசனத்திலேயே அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் இறுகிப்போய், என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டாள். அப்பா காப்பி வாங்குகிறேன் பேர்வழி என்று அம்மாவையும் பெருந்துறை அம்மாவையும் ஓட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையும் அத்தையும் நடுவில் நானும் மிஞ்சினோம்.

அவருக்கு முன்தலையில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்ககிட்டச் சொல்லாமக் கூட்டிட்டு வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அத்தை குனிந்தபடி துப்பட்டாவை இழுத்துவிட்டாள். "படம் எப்படீங்க?" என்றார். அதற்கும் நிமிரவில்லை. எனக்குப் பொறுக்குமா? படம் பற்றி ஒருவர் கேட்டு எங்கள் வீட்டு ஆள் பதில் சொல்லாமல் நிற்பதா?

"எங்கத்தை முழுசாப் பாக்காம மார்க் போடாதுங்க" என்று ஆரம்பித்து, மூன்று மார்க்கையும் விளக்கி, 'பாக்கலாம்'தான் முதல் மார்க், அது லேசில் கிடைக்காது என்றும் எச்சரித்தேன். அவர் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டார்.

"அப்படீன்னா, போன ஞாயித்துக்கெழமை டிவில போட்ட பழைய படத்துக்கு?"

"ஐயோ சாமிங்க!"

தம்பிகளுக்காகவே வாழ்ந்து, கல்யாணம் செய்யாமலே நரைத்துப்போகும் ஓர் அக்காவின் கதை அது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுத படம். அவர் சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் ஒரே அழுகைங்க. எனக்கு அந்தத் தம்பிக மேலதான் கோவம். நாலு தடியனுக இருக்கறானுக, ஒருத்தனாச்சும் அக்கா உனக்கு என்ன வேணும்னு கேட்டானா?"

அத்தை அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "கேக்கவே இல்லீங்க" என்றாள். "கடைசில அவ காலுல உழுந்தா மட்டும் ஆச்சா?"

"ஆனாலும் அக்காவை மனசுக்குள்ளயே விரும்புன அந்த டாக்டர் நல்லவனுங்க."

"அவனா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் படம் அப்பவே முடிஞ்சிருக்குமுங்க."

அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. மணி அடித்து எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். பாட்டுச் சத்தம் கேட்கிறது. நான் அத்தையின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறேன். அவர்கள் இன்னும் அந்த டாக்டரை விட்டு நகரவில்லை.

பிற்பாதி முழுக்க அத்தை திரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தியேட்டரே சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. நாயகனின் அம்மா செத்துப்போன இடத்தில் புன்னகை செய்தாள். எனக்குத் திக்கென்றது. திரும்பும் பஸ்ஸில் முதல்முறையாக ஒருவரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தொலைபேசி அடித்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். "கண்ணு, பெருந்துறைல இருந்து பேசறேன். அத்தை இருக்காங்களா?" என்றார் அவர். பெருந்துறை என்று நான் சொன்னதும் அத்தை சமையலறை வாசலுக்கு வந்தாள், ஆனால் வர மாட்டேன் என்று தலையாட்டினாள். அத்தனை பேர் சொல்லிவிட்டுப் போன 'பாக்கலாமுங்க'வை இன்னொருவர் வாயால் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. 'வர மாட்டேங்குதுங்க' என்று நான் சொன்னேன். 'கூச்சப்படுதுங்க' என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"சேரி, கூப்பிட வேண்டாம். எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

"படமுங்களா?"

"ம்... ஆமா கண்ணு. படந்தான்."

நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே கூவினேன். அத்தை கைப்பிடித் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். அப்பா, அம்மா, சுவர்க்கடிகாரம் எல்லாம் அவளையே பார்த்தன. கடைசியில், "பாக்கலாம்னு சொல்லு" என்றாள்.

அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "தானா வந்த நல்ல மனுசனையும் போகச் சொல்லிப்போட்டாளே" என்று முணுமுணுத்தார். முதல் மார்க் போட்டதற்கா இந்தத் துக்கம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பாக்கலாமாமுங்க" என்றேன் தொலைபேசியில்.

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. ஆனா அந்தப் படத்துக்கு அது ரொம்ப அதிகமுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்படீன்னா, மறுக்கா பாக்கலாமுங்களான்னு கேளு கண்ணு."

"அத்தே! மறுக்காவும் பாக்கலாமான்னு கேக்கறாங்க!"

அப்பா தலையிலிருந்து கையை எடுத்தார். அத்தை முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சேரின்னு சொல்லு" என்றாள். அவள் தோள் குலுங்கியது. அம்மா எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் சேரியாமுங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நல்ல நல்ல படங்களையெல்லாம் போதும் என்று ஒதுக்கிவிட்டு, நாயகன் பஸ்ஸை ஒற்றைக் கையால் நிறுத்துகிற அந்தப் படத்துக்குப் போய் முதல் மார்க்கா? கேட்டேவிட்டேன். "உனக்கு வெளங்காது போ அம்மணி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்துக்கு மறுபடியும் போன அத்தையோடு துணைக்கு அனுப்பப்பட்டவள் நான். அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கேட்டதெல்லாம் வாங்கித் தின்றுகொண்டு, அத்தை போட்ட மார்க்குக்கு எங்கேயாவது ஒரு காரணம் கிடைக்குமா என்று ஒரு காட்சி விடாமல் தேடினேன். கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் குனிந்து, "நீ என்ன மார்க் போடறே கண்ணு?" என்று கேட்டார். "ஐயோ சாமிங்க" என்றேன். இரண்டு பேரும் ரோட்டில் நின்று அப்படிச் சிரித்தார்கள். அந்த இரண்டு தடவையும் நாங்கள் மூவரும் உள்ளே இருந்தோம்தான். ஆனால் படத்தின் பிற்பாதியைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.